மரபுடைச் சங்கமா, நடன வட்டமா? பவேரியாவில் நாட்டார் நடனக் குழுவில் சேருமுன்

ஜூலை மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மியூனிக் நகரின் இங்லிஷர் கார்டன் பூங்காவில் உள்ள சீனக் கோபுரத்தைச் சுற்றிப் பல்லாயிரம் பேர் மெழுகுவத்தியும் ரொட்டிக் கூடையுமாக இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மணிக்கு வாத்தியக் குழு வாசிக்கத் தொடங்கியதும் ஆட்டமும் தொடங்கிவிடும். கோகெர்ல்பால் என்பது அதன் பெயர். 19ஆம் நூற்றாண்டில் செல்வர் வீடுகளில் வேலை செய்த சமையல்காரிகளும் பணியாட்களும், எசமானர்கள் கண்விழிக்கும் முன் தங்களுக்குக் கிடைத்த சில மணி நேரத்தில் ஆடிய ஆட்டம் அது. ஒழுக்கத்துக்கு ஒவ்வாதது என்று 1904இல் தடைசெய்யப்பட்டு, 1989இல் மீண்டும் உயிர்பெற்றது. ஜெர்மனியின் தென்மாநிலமான பவேரியாவின் நடனத்தில் நானும் என் மனைவியும் முதன்முதலாகக் கால் வைத்தது அங்கேதான். ஆடினோம் என்று சொன்னால் மிகையாகும். கூட்டம் சுழன்ற பக்கமெல்லாம் நாங்களும் சுழற்றப்பட்டோம். ஆனாலும் வீடு திரும்பும்போது, இதை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை இருவருக்கும் வந்துவிட்டது.

எங்கே சேர்வது என்று விசாரித்தபோதுதான், வெளியிலிருந்து பார்க்கையில் ஒன்றுபோலத் தெரியும் குழுக்கள் உள்ளே எவ்வளவு வேறுபட்டவை என்பது விளங்கியது. ஜெர்மானிய நடனம் ஒரு பக்கம், ஆஸ்திரிய நடனம் மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டு தேடுவது பயனற்றது. ஜெர்மனியின் மேல் பவேரியா, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், டிரோல் ஆகிய பகுதிகளின் நடனங்கள் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. மியூனிக்கில் ஆடப்படும் பல ஆட்டங்களை டிரோலின் இன்ஸ்ப்ரூக் நகரிலும் காணலாம். மாறாக, ஜெர்மனிக்குள்ளேயே வடக்கே ஹோல்ஸ்டைனிலும் மெக்லென்பர்க்கிலும் நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடும் ஆட்டங்கள் தெற்கத்தியருக்கு ஏறக்குறைய அந்நியமானவை. எனவே பிரிவினை நாட்டைப் பொறுத்ததன்று. பிறர் பார்க்க ஆடும் குழுவா, தாங்கள் ஆடி மகிழக் கூடும் குழுவா என்பதே முதற்கேள்வி. முதல் வகையின் வலுவான வடிவம் ட்ராக்டன்ஃபெரைன் எனப்படும் மரபுடைச் சங்கம். இரண்டாவது வகையின் வடிவம் ஃபோல்க்ஸ்டான்ஸ்கிரைஸ் எனப்படும் நாட்டார் நடன வட்டம்.

மரபுடைச் சங்கத்தின் பெயரிலேயே உடைதான் இருக்கிறது, நடனம் இல்லை. இதைச் சேருமுன் கவனிப்பவர்கள் குறைவு. 1883இல் பைரிஷ்செல் என்ற மலையூரில் யோசஃப் ஃபோகல் என்ற பள்ளி ஆசிரியர் இவ்வகையின் முதற்சங்கத்தைத் தொடங்கியபோது, நகரத்து உடைகள் பரவி, முழங்காலளவு தோல் கால்சட்டை வழக்கொழிந்து வருகிறதே என்பதுதான் அவருடைய கவலை. ஆட்டம் அந்த உடையோடு கூட வந்தது. இன்று பவேரியச் சங்கங்கள் 22 வட்டாரக் கூட்டமைப்புகளாகத் திரண்டிருக்கின்றன. அவற்றில் முதலாவது 1890இல் உருவானது. முன்னோரின் வழக்கத்தையும் உடையையும் காப்போம் என்ற பழைய உறுதிமொழி பல சங்கக் கொடிகளில் இன்றும் நூலால் பின்னப்பட்டிருக்கிறது. அந்தக் கொடி வெறும் அலங்காரப் பொருளன்று. உறுப்பினர் ஒருவர் இறந்தால் அவருடைய சவ அடக்கத்தில் அது சாய்க்கப்படும். கோர்புஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருநாளின் ஊர்வலத்தில் முன்னே செல்லும். அண்டை ஊர்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் பயணப்படும். கொடி போகும் இடமெல்லாம் உடையணிந்த உறுப்பினர்களும் போக வேண்டும். ஆகவே வாரம் ஒரு மாலை பயிற்சி என்று நினைத்துச் சேர்பவர், மே முதல் செப்டம்பர் வரையுள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக்கு மேல் தமக்குச் சொந்தமில்லை என்பதைப் பிறகே அறிந்துகொள்கிறார். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் மண்டகப்படி எடுத்த குடும்பத்தார் ஊரைவிட்டு நகர முடியாமல் இருப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

சங்கங்களின் தலையாய ஆட்டம் ஷூப்ளாட்லர். லெண்ட்லர் எனப்படும் மூன்று தட்டு இசைக்கு, ஆண்கள் குதித்துத் தம் தொடையிலும் முழங்காலிலும் பாதணியின் அடியிலும் மாற்றி மாற்றி அறைவதும், பெண்கள் அவர்களைச் சுற்றி இடைவிடாமல் தற்சுழற்சி செய்தபடி நகர்வதும், பின் இணைகள் சேர்ந்து வால்ட்ஸ் என்ற சுழல் நடனம் ஆடுவதும் இதன் அமைப்பு. பயிற்சியை நடத்துபவருக்கு ஃபோர்ப்ளாட்லர் என்று பெயர். நான் மூன்று மாதம் பார்வையாளனாகச் சென்ற ஒரு சங்கத்தில் அவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கையை வீசக் கூடாது என்பதுதான். கையைக் கொண்டுபோய்க் காலில் அடிப்பது தவறு. காலே கைக்கு எழும்பி வர வேண்டும். உடம்பு நிமிர்ந்திருக்க, தோளசையாமல், எட்டுப் பேரின் அறை ஒரே ஓசையாக விழ வேண்டும். ஜீன்ஸ் அணிந்து சென்ற எனக்கு மொத்தையான சத்தம்தான் வந்தது. தோல் கால்சட்டையில் அதே அறை துப்பாக்கி வெடித்தாற்போல் கேட்கிறது. இரண்டாம் வாரம் தொடையில் நீலம் பாரித்தது. ஐந்தாம் வாரம் வலி போயிற்று, ஆனால் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. அப்போது எனக்கு வயது 41. அங்கே என்னோடு பயின்றவர்களில் பெரும்பாலோர் ஐந்தாறு வயதிலேயே குழந்தைகள் குழுவில் சேர்ந்தவர்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். நாற்பதுக்கு மேல் ஷூப்ளாட்லரைத் தொடங்குவது இயலாததன்று. ஆனால் போட்டியில் நடுவர்கள் முன் நிற்கும் நிலைக்கு வருவது மிக அரிது.

பெண்களின் பங்கை எளிதென்று எண்ணிவிடக் கூடாது. பாவாடை மணிபோல விரிந்து நிற்குமாறு, ஒரே சீரான வேகத்தில், வட்டத்தின் இடைவெளி கெடாமல் நிமிடக்கணக்கில் சுழல்வதற்குப் பல மாதப் பழக்கம் தேவை. ஆனால் என் மனைவிக்குச் சுழல்வதில் விருப்பமில்லை. அறைவதையே கற்க விரும்பினாள். பெண்கள் தட்டுவது எங்கள் வழக்கமில்லை என்று அந்தச் சங்கத்தார் மிகுந்த மரியாதையோடு மறுத்துவிட்டார்கள். சில ஊர்களில் பெண்களே தட்டும் குழுக்கள் தோன்றியிருக்கின்றன. ஆண்களே ஒருவரோடொருவர் இணையாக ஆடும் ஷ்வூப்ளாட்லர் என்ற குழு மியூனிக்கிலேயே 1997 முதல் இயங்கி வருகிறது. எனினும் பெரும்பாலான சங்கங்களில் ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்ற வரையறை உறுதியாகவே உள்ளது. இதை மாற்றலாம் என்ற நம்பிக்கையோடு சேர்வது இரு தரப்புக்கும் வருத்தத்தையே தரும்.

செலவைப் பொறுத்தவரை, சங்கத்தின் ஆண்டுச் சந்தா பெரும்பாலும் சில பத்து யூரோதான். நடனப் பள்ளியின் ஒரு மாதக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். கையைக் கடிப்பது உடை. மான் தோலில் கையால் பூவேலை செய்த லேடர்ஹோசே எனப்படும் தோல் கால்சட்டை ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதற்குமேல் கெண்டைக்காலை மட்டும் மூடும் பின்னல் உறை, ஹாஃபெர்ல் பாதணி, இறகு செருகிய தொப்பி, அந்தந்த வட்டாரத்துக்கே உரிய மேற்சட்டை ஆகியன வேண்டும். பெண்களுக்கு இறுக்குக் கச்சும் அதில் கோக்கும் வெள்ளிச் சங்கிலியும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும். மியூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் கடைகளில் விற்கும், டிர்ண்டல் எனப்படும் மலிவான பெண்கள் உடையையோ தோல் கால்சட்டையையோ அணிந்து சங்கத்துக்குப் போகலாம் என்று நினைப்பவர் ஏமாறுவார். வாயால் எதுவும் சொல்ல மாட்டார்கள், பார்வை போதும். ஒன்றை மட்டும் ஆறுதலாகச் சொல்லலாம். பல சங்கங்கள் குழந்தைகளின் உடைகளை இரவலாகத் தருகின்றன. பெரியவர்களுக்கும் இறந்த உறுப்பினர்களின் உடைகள் கைமாறி வருவதுண்டு.

உடையைப் பற்றிப் பேசும்போது 1938ஐத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது. அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில், நாஜி ஆட்சியின் கீழ் வந்துவிட்ட சால்ஸ்பர்க்கின் காவல்துறை, யூதர்கள் மரபுடை அணிவதைத் தடைசெய்தது. அதுவரை கோடை வாசத்துக்கு அங்கே வந்து டிர்ண்டலும் தோல் கால்சட்டையும் மகிழ்ச்சியோடு அணிந்திருந்த குடும்பங்கள் அவை. இது என் மண்ணின் உடை என்ற பெருமிதம், இது உன் உடையன்று என்ற விலக்காக மாறுவதற்கு அதிக தூரம் இல்லை என்பதற்கு அது சான்று. இன்றைய சங்கங்களில் இந்த வரலாற்றை வெளிப்படையாகப் பேசுவோரும் உண்டு, பேச்சை மாற்றுவோரும் உண்டு. வேற்று நிறத்தவராகிய நாங்கள் சென்ற இடங்களில் எங்களை யாரும் அவமதித்ததில்லை. ஆனால் சேருமுன் சங்கத்தின் ஆண்டுமலரைக் கேட்டு வாங்கி, நாஜி ஆட்சி நடந்த 1933 முதல் 1945 வரையான பக்கங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதை நான் வழக்கமாக வைத்துக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ஒரே வரியில் கடந்துவிடும் மலர் எனக்குப் போதுமான தகவலைத் தந்துவிடும்.

இனி நடன வட்டம். இதன் வேர் மலையூர்ச் சங்கங்களில் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்து இளைஞர் இயக்கங்களும் ஆசிரியர்களும் ஊர் ஊராகச் சென்று ஆட்டங்களைக் குறித்துவைத்த முயற்சியில் இருக்கிறது. ஆஸ்திரியாவில் அப்படிச் சேகரித்தவர்களில் முதன்மையானவர் வியன்னாவைச் சேர்ந்த ஆசிரியர் ரைமுண்ட் ட்ஸோடர் (1882–1963). அவ்வாறு ஏட்டில் ஏறிய ஆட்டங்களை மீண்டும் தரைக்குக் கொண்டுவந்து ஆடுபவையே வட்டங்கள். ஆகவே வட்டார விசுவாசம் இங்கே தளர்வானது. ஒரே மாலையில் ஆஸ்திரியாவின் ஸ்டைரியப் பகுதி ஆட்டமும், பவேரிய வனப்பகுதி ஆட்டமும், இன்றைய ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவுக்குக் குடியேறிய ஜெர்மானியரின் லெண்ட்லரும், சில சமயம் விண்ட்முல்லர் என்ற வடக்கத்தி ஆட்டமும் வரும். ஜெர்மானிய, ஆஸ்திரிய நடனங்கள் இரண்டையும் கற்க விரும்புகிறவருக்கு இந்த ஓர் அம்சமே போதிய காரணமாகும். மரபுடைச் சங்கத்தில் பத்து ஆண்டுகள் இருந்தாலும் இவ்வளவு விரிந்த தொகுப்பு கிடைக்காது.

உடைக் கட்டாயம் இல்லை. பயிற்சி மாலையில் பருத்திச் சட்டையோடு வருவோரே மிகுதி. கட்டாயம் என்று ஒன்றைச் சொன்னால் அது பாதணிதான். ரப்பர் அடியுள்ள காலணி சுழலும்போது தரையைப் பற்றிக்கொள்ளும். உடல் திரும்பிவிடும், கால் திரும்பாது. என் முழங்கால் இரண்டு வாரம் பிசகிக் கிடந்தது இந்த அறியாமையால்தான். வழுக்கும் தோலடிக் காலணி ஒன்றை வாங்கியதே இந்த வட்டத்துக்காக நான் செய்த ஒரே பெருஞ்செலவு.

வட்டத்தில் கற்கும் ஆட்டங்களில் தமிழ்க் காதுக்கு மிக நெருக்கமானது ட்ஸ்வீஃபாகர். பவேரியாவின் ஓபர்ஃபால்ஸ் பகுதிக்காரர்கள் இதையே பைரிஷர் என்பார்கள். வேறு இடங்களில் ஏறக்குறைய அதே பெயர் முற்றிலும் வேறான ஓர் இரண்டு தட்டு ஆட்டத்தைக் குறிக்கும் என்பதால் புதியவர்கள் குழம்புவது இயல்பு. ட்ஸ்வீஃபாகரில் மூன்று தட்டும் இரண்டு தட்டும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வரும். மூன்று தட்டுக்கு அகன்ற வால்ட்ஸ் சுழற்சி, இரண்டு தட்டுக்கு இறுக்கமான விரைவுச் சுழற்சி. எந்த இடத்தில் மாறும் என்பது ஒவ்வொரு மெட்டுக்கும் வேறு. இத்தகைய மெட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கூட ஆடிய ஜெர்மானியர்கள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, சிறுவயதில் சில காலம் மிருதங்கம் கற்ற எனக்கு அது தகிட தகிட தக தக என்று தானாகவே கேட்டது. பத்து எண்ணிக்கை கொண்ட அந்தச் சுற்றை நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஆடுவதைக் கண்ட ஒரு மூதாட்டி, அதைத் தமக்கும் கற்றுத்தரச் சொன்னார். இந்த ஆட்டம் 2016இல் ஜெர்மனியின் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆஸ்திரியப் பக்கத்திலிருந்து வரும் ஷ்டைரிஷர் இதற்கு நேர்மாறு. வேகம் இல்லை. இணையர் கைப்பிடி விடாமல் கைகளைத் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கொண்டுசென்று, ஒருவரையொருவர் சுற்றி வந்து, கடைசியில் கைகளுக்கிடையே ஒரு சன்னலை உண்டாக்கி அதன் வழியே பார்த்துக்கொள்வார்கள். பிடி எங்கேயாவது முறுக்கிக்கொண்டால் தோளில் சுளுக்கு நிச்சயம். இருபது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த தம்பதியர்கூட இதைக் கற்கும்போது சச்சரவிட்டுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன், நாங்களும் விலக்கல்ல. ஆனால் அந்தச் சன்னல் சரியாக அமைந்த முதல் மாலையை மறக்க முடியாது. மே மாதத்தில் ஆடும் பாண்டல்டான்ஸும் நமக்குப் பழகியதுபோலவே தோன்றும். கம்பத்திலிருந்து தொங்கும் நாடாக்களைப் பின்னிப் பின் அவிழ்க்கும் அந்த ஆட்டத்தைப் பார்க்கும் எந்தத் தமிழருக்கும் பின்னல் கோலாட்டம் நினைவுக்கு வராமல் போகாது.

வட்டத்துக்குக் குறைகள் இல்லாமலில்லை. முதற்குறை வயது. நாங்கள் சென்ற மூன்று வட்டங்களிலும் ஐம்பதுக்குக் கீழே இருந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். இரண்டாவது, கட்டுப்பாடின்மை. வராதவரை யாரும் கேட்பதில்லை என்பது வசதிதான். ஆனால் ஓராண்டு கழித்தும் பாதிப்பேரின் பெயர் தெரியாமல் இருப்பது அதே வசதியின் மறுபக்கம். மரபுடைச் சங்கத்தில் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் சூப்போடு வீட்டுக்கு வருவார்கள். புதிய நாட்டில் உறவுகளைத் தேடுகிறவர் இந்த வேறுபாட்டை இலேசாக எடைபோட்டுவிடக் கூடாது. மூன்றாவது, மேடை ஆசை உள்ளவருக்கு வட்டத்தில் இடமில்லை. அக்டோபர்ஃபெஸ்டின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய 9000 பேர் உடையணிந்து நடந்து செல்லும் ஊர்வலத்தில் சங்கத்தார் நடப்பார்கள். வட்டத்தார் பெரும்பாலும் நடைபாதையில் நின்று பார்ப்பார்கள்.

இவ்விரண்டுக்கும் வெளியே உள்ள வாய்ப்புகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோகெர்ல்பாலுக்கு முந்தைய வாரங்களில் மியூனிக் மாநகராட்சியின் பண்பாட்டுத் துறை நடத்தும் பயிற்சி மாலைகள், எந்தப் பிணைப்பும் இல்லாமல் காலை நனைத்துப் பார்க்க ஏற்றவை. அதற்குமேல் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். ஆஸ்திரியாவில் வசிக்கும் இளைஞர்களுக்கு லாண்ட்யூகெண்ட் எனப்படும் கிராமப்புற இளைஞர் அமைப்பு நல்ல வழி. அங்கே நாட்டார் நடனத்துக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்ச்சிச் சின்னங்களே உண்டு. மேல் ஆஸ்திரியாவின் இன்ஃபியர்டல் பகுதியில் ஆடும் லாண்ட்லரைப் போன்ற ஆட்டங்களை அந்த ஊரார் ட்ஸெகே எனப்படும் தங்கள் குழுவுக்குள் தலைமுறையாக ஆடிவருகிறார்கள். அங்கே வெளியார் போய்ச் சேர்வதைப் பற்றி யோசிப்பதைவிட, வாய்ப்புக் கிடைக்கும்போது போய்ப் பார்த்து வருவதே பொருத்தம்.

எங்கே சேர்ந்தாலும் மொழியும் நாட்காட்டியும் இரண்டு நடைமுறைச் சிக்கல்கள். அலுவலகத்தில் பேசும் ஜெர்மன் சங்கத்தில் பாதிதான் பயன்படும். ஆணைகள் எல்லாம் பவேரிய வழக்கில் வரும். வயது வித்தியாசம் பாராமல் எல்லாரும் எல்லாரையும் 'டூ' என்று ஒருமையில்தான் அழைப்பார்கள். எழுபது வயதுப் பெரியவரை ஒருமையில் அழைக்க எனக்கு நா எழவில்லை. நான் மரியாதைப் பன்மையில் பேசியபோதெல்லாம், தம்மிடம் நான் ஏதோ கோபமாக இருக்கிறேன் என்று அவர் எண்ணிக்கொண்டதைப் பிறகு அறிந்தேன். நாட்காட்டியைப் பொறுத்தவரை, நவம்பர் 25இல் வரும் புனித கத்தரீன் நாளோடு ஆட்டம் நிற்கும் என்பது பழமொழியாகவே வழங்குகிறது. அதையொட்டி நடக்கும் கத்ரைன்டான்ஸ்தான் ஆண்டின் பெரிய நடன இரவு; பிறகு வரும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், நாம் மார்கழியில் கல்யாணம் வைக்காததுபோல, பொது நடனங்கள் நின்றுவிடும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரையான தவக்காலத்திலும் அப்படியே. எனவே புதிதாகச் சேர்பவர் செப்டம்பரில் தொடங்கினால், கத்ரைன் இரவுக்குள் பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள் கிடைத்துவிடும். சங்கத்தில் சேர்வதானால் விதிமுறைத் தாளில் விலகல் பற்றிய பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது. பல இடங்களில் ஆண்டு முடிவில்தான் விலக முடியும், அதையும் எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆடாமல் ஆதரவு மட்டும் தரும் உறுப்பினராகச் சேரும் வழியும் உண்டு என்பதால், முதலாண்டை அப்படிக் கழித்துப் பார்க்கலாம்.

என் கணிப்பு இது. முப்பத்தைந்து வயதைக் கடந்து, இணையோடு, நடனத்துக்காகவே நடனத்தைக் கற்க வருகிறவர் வட்டத்துக்குப் போகட்டும், தயங்க வேண்டியதில்லை. இருபதுகளில் இருப்பவரும், சிற்றூரில் வீடு வாங்கி அங்கேயே வேர்விட எண்ணுகிறவரும், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுக்க முடிந்தால், மரபுடைச் சங்கத்துக்குப் போகலாம். அங்கே கிடைக்கும் ஊர்ப்பிடிப்பு வேறெங்கும் கிடைக்காது. இணை இல்லாமல் தனியாக வருகிறவருக்கு வட்டத்தில் ஓரளவு சிரமம்தான், ஆனால் இணை மாற்றி ஆடும் ஆட்டங்கள் ஒவ்வொரு மாலையிலும் சில வருவதால் முழு மாலையும் சுவரோரம் நிற்க நேராது. திருப்பலியோடு தொடங்கும் விழாக்களில் நிற்பது தம் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று கருதுகிறவர்களுக்குச் சங்கம் உகந்ததன்று.

நாங்கள் வட்டத்தில்தான் சேர்ந்தோம்; மூன்றாண்டுகள் ஆகின்றன. அதோடு முடிந்தது என்று எண்ணியிருந்தபோது, பள்ளித் தோழியைப் பார்த்து எங்கள் மகள் அருகிலுள்ள மரபுடைச் சங்கத்தின் குழந்தைகள் குழுவில் சேர்ந்துவிட்டாள். ஆக, வேண்டாம் என்று விட்டுவந்த ஞாயிற்றுக்கிழமைகள் வேறு வழியாக எங்களைத் தேடி வந்துவிட்டன. சங்கம் அவளுக்கு இரவலாகத் தந்த உடை அடுத்த கோடைக்குள் சிறியதாகிவிடும். அதற்கடுத்த அளவு இப்போது ஒரு பேக்கரிக்காரரின் மகளிடம் இருக்கிறது. அந்தப் பெண் எவ்வளவு வேகமாக வளர்கிறாள் என்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் ரொட்டி வாங்கப் போகும்போது கவனித்துக்கொண்டிருக்கிறோம்.